சாயம் போகும் லேபிள்: காடாத் துணியில் லினோ அச்சு போடுவது எப்படி

சட்டை எடுக்கும்போது விலையைப் பார்க்கிறோம், சைஸைப் பார்க்கிறோம். உள்பக்கத் தையலில் தொங்கும் வாஷ்கேர் லேபிளை யாரும் படிப்பதில்லை. உறுத்தினால் வெட்டி எறிந்துவிடுகிறோம். எப்படித் துவைப்பது, எப்படி உலர்த்துவது என்று ஐந்து சிறு குறிகளில் சொல்லும் அந்தத் துண்டுதான் இந்த அச்சின் கரு. அதை 20 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கி, லினோ ஷீட்டில் அச்சுக்கட்டையாகச் செதுக்கி, வெளுக்காத பருத்தித் துணியான காடாவில் ஐந்து முறை வரிசையாகப் போடப் போகிறோம். இடமிருந்து வலமாகப் போகப்போக லேபிளின் கறுப்பு வெளுக்கும். துவைக்கும் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரில் சாயம் ஏறும்.

கொங்கு நாட்டில் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் நொய்யலில் என்ன கலந்தது என்று ஊருக்கே தெரியும். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறிய பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. அந்தச் செலவைப் பட்டறைகள் சுமக்கின்றன. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று அள்ளிப் போகிறவருக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கும் எந்த லேபிளிலும் வருவதில்லை. அதனால் இந்த அச்சு சாயப்பட்டறைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. வாங்குகிறவரின் கண்ணில் பட வேண்டும்.

படம்

நுகர்வைப் பற்றி வரைய உட்கார்ந்தாலே தள்ளுவண்டி, பார்கோடு, பணத்தைத் தின்னும் வாய் என்றுதான் கை போகும். எங்கும் பார்த்துச் சலித்த படங்கள் இவை, கண் நிற்காது. நம் ஊர் பனியன் கம்பெனியில் தினமும் ஆயிரக்கணக்கில் கைமாறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் நிற்கும். ஹேங் டேக், பாலி பேக், கார்ட்டன் பெட்டியில் போட்ட அம்புக்குறி எதுவானாலும் சரி. ஆனால் அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் நிஜ லேபிள் போலவே இருந்தால்தான் மாற்றிய இடம் உறைக்கும். ஐந்து குறிகளையும் திருகி வைத்தால் அது வெறும் கேலிச்சித்திரம்.

எந்தக் கம்பெனியின் பெயரும் லோகோவும் வேண்டாம். டிரேட்மார்க் தொல்லை ஒரு பக்கம்; அதைவிட முக்கியம், பெயர் வந்த உடனே தப்பு அந்தக் கம்பெனியோடு முடிந்துபோகும், பார்ப்பவர் தப்பித்துக்கொள்வார்.

உங்கள் சட்டை லேபிளையே பார்த்து வரையுங்கள். குறிகள் வரும் வரிசை: துவைக்கும் தொட்டி, பிளீச்சுக்கு முக்கோணம், உலர்த்தலுக்குச் சதுரம், இஸ்திரிப் பெட்டி, டிரை கிளீனிங்குக்கு வட்டம். அச்சுக்கட்டை 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். மேலே தொட்டி மட்டும் 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக; அதற்குக் கீழே மற்ற நான்கு குறிகளும் ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் 2.5 செ.மீ.; அடியில் இரண்டு வரியில் ‘தனியாகத் துவைக்கவும்’. இதுவும் லேபிளில் வழக்கமாக வரும் வாசகம்தான். புதிதாக முழக்கம் எதுவும் எழுதத் தேவையில்லை.

கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடாக அமையுங்கள். தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் செய்த லினோ அச்சைப் பார்த்தால் காரணம் புரியும்: கறுப்புக்குள் வெள்ளையாக, கைத்தடியோடு நடக்கும் காந்தி. குறைவாகச் செதுக்கி நிறையச் சொல்லும் வேலை அது. இங்கே இன்னொரு லாபமும் உண்டு. கறுப்புப் பரப்பு பெரிதாக இருந்தால்தான் அது வெளுத்துப் போவது தூரத்திலிருந்தும் தெரியும்.

கட்டை

3.2 மி.மீ. கனமுள்ள லினோ ஷீட் வேண்டும். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்தது. முகர்ந்தால் எண்ணெய் வாசம் வரும், பின்பக்கம் சணல் நூல் தெரியும். தரைக்கு ஒட்டும் வினைலைச் சில கடைகளில் லினோ என்று கொடுப்பார்கள். அதில் உளி வழுக்கும், ஓரம் பிய்ந்துபோகும், வாங்காதீர்கள்.

15 × 20 செ.மீ. அளவில் லினோ இரண்டு துண்டு, அதே அளவில் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு. ஒன்று லேபிளுக்கு, மற்றது தண்ணீருக்கு. தண்ணீர்க் கட்டைக்குச் சிறிய பலகை போதுமே என்று குறைக்காதீர்கள். இரண்டு பலகையும் ஒரே அளவில் இருந்தால்தான் மூலைக்கு மூலை வைத்து அச்சைப் பொருத்த முடியும். லினோவின் மேல்பரப்பை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். தேய்க்காவிட்டால் எண்ணெய்ப் பசையில் தண்ணீர் கலந்த மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். செதுக்கி முடித்த பிறகு பெவிகால் போட்டுப் பலகையில் ஒட்டி, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள்.

எழுத்தைத் திருப்புவது

கட்டையில் எல்லாம் இடவலம் மாறி இருக்க வேண்டும். பட்டர் பேப்பரில் 4பி பென்சிலால் நேராக வரைந்து, கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் தானாகத் திரும்பிவிடும். கணினியில் வடிவமைத்தால் லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுத்து, மை உள்ள பக்கத்தை லினோ மேல் கவிழ்த்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தாளின் முதுகில் ஒற்றுங்கள். டோனர் லினோவுக்கு இறங்கிவிடும். இங்க்ஜெட் பிரிண்டில் இது வராது. அசிட்டோனை ஊற்றினால் லினோ இளகும், ஒற்றினால் போதும்.

கையாலேயே திருப்பி எழுதுகிறவர்கள் சறுக்குவது கொம்பில்தான். எழுத்தைத் திருப்பிவிட்டு, ‘வை’யின் கொம்பைப் பழையபடி இடப்பக்கமே விட்டுவிடுவார்கள், கட்டையில் அது வலப்பக்கம் வர வேண்டும். ‘யா’வின் கால் இடப்பக்கம் போகும். வரியின் கடைசி ‘ம்’ இடது ஓரத்தில் நிற்கும். உளியை எடுக்கும் முன் கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

எழுத்து 2 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. வெள்ளை எழுத்து என்பதால் கோட்டைத் தோண்டுகிறோம். ‘வ’வின் வயிறும் ‘ன’வின் சுழியும் நடுவில் தீவு போல மேலே நிற்கும். அந்தத் தீவு 4 மி.மீ.க்குக் குறைந்தால் நாலு அச்சுக்குள் பெயர்ந்துவிடும். ஆகவே சுழியைத் தாராளமாகத் திறந்து எழுதுங்கள். அழகான மெல்லிய கணினி எழுத்துரு இதற்கு ஆகாது, சுவரில் பெயிண்டர் எழுதும் தடித்த எழுத்துதான் சரி. புள்ளியை 3 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகியே எடுத்துவிடலாம். அதைவிடச் சின்னதாக வைத்தால் மை அடைத்துக்கொண்டு ‘துவைககவும’ என்று படிக்கும்.

செதுக்கல்

வி வடிவ உளி ஒன்று, யு வடிவத்தில் 3 மி.மீ., 8 மி.மீ. உளிகள், ஒரு கட்டர் கத்தி. லினோ விறைப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய் மாதிரி வெட்டு விழும். மார்கழிக் காலையில் தாளை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் மிதமாக ஒற்றி எடுக்கலாம். மேசை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் தடுப்புப் பலகை ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். அடியில் முன்பக்கம் ஒரு சட்டம், மேலே பின்பக்கம் ஒரு சட்டம், அவ்வளவுதான். கட்டை அதில் முட்டி நிற்கும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், லினோவைத் திருப்புங்கள்.

முதலில் வி உளியால் எல்லா ஓரக் கோடுகளும். வெட்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். மேட்டுக்கு அடியில் உளி புகுந்தால் அந்த ஓரம் தாங்கலின்றி உடையும். குறிகளின் கோடு 3 மி.மீ. அகலம், 1.5 முதல் 2 மி.மீ. ஆழம். தொட்டியின் உள்பகுதி முழுக்க வெள்ளையாக வர வேண்டும். இங்கே ஆழம் போதாவிட்டால் வேலை கெடும்: காகிதம் பள்ளத்துக்கு மேல் விறைப்பாக நிற்கும், மெத்தை மேல் விரித்த துணியோ பள்ளத்துக்குள் அமுங்கி அங்கிருக்கும் மையைத் தொட்டுவிடும். 2 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள எந்தப் பள்ளத்தையும் சணல் தெரியும்வரை எடுங்கள். தொட்டியைக் கத்தியால் முழுசாகவே வெட்டி எடுத்துவிடுவது இன்னும் நல்லது. தொட்டியின் மேல் விளிம்பை நிஜக் குறியில் உள்ளபடியே அலையாக வெட்டுங்கள்.

தண்ணீர்க் கட்டைக்கு: லேபிள் கட்டையில் மை பூசி பட்டர் பேப்பரில் ஓர் அச்சு எடுத்து, ஈரம் காயும் முன் அதை இரண்டாவது லினோ மேல் மூலை சேர்த்துக் கவிழ்த்துத் தேயுங்கள். தொட்டி அதே இடத்தில் பதியும். அதற்கு 3 மி.மீ. உள்ளே தள்ளிக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே உள்ளதை வெட்டி நீக்குங்கள். சுற்றிலும் விடும் அந்த 3 மி.மீ. வெள்ளைதான் உங்கள் காப்பு; அச்சு ஒரு மி.மீ. நகர்ந்தாலும் தெரியாது.

துணி

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடா இருந்தால் போதும். ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் எடுக்கலாம். 110 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு படத்துக்கு, இன்னொன்று சோதனைக்கு. பனியன் துணியில் போடும் ஆசை வரும். அது இழுபடும், பெரிய கறுப்புப் பரப்பு கோணிவிடும். முதல் வேலைக்கு வேண்டாம்.

காடாவில் நெய்வதற்காக நூலுக்குப் போட்ட சைசிங் கஞ்சி இருக்கிறது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசி, காயவைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. சொட்டு உருண்டு நின்றால் கஞ்சி போகவில்லை, திரும்பக் கொதிக்கவையுங்கள். இதைச் சோம்பி விட்டால் அச்சு பார்க்க நன்றாகவே வரும், முதல் துவைப்பில் கஞ்சியோடு சேர்ந்து உரிந்து போகும்.

மை

திருப்பூரில் பிரிண்டிங் கெமிக்கல் விற்கும் கடைகளில் கிளியர் பேஸ்ட் (நிறமில்லாத அடிப்பசை), பிக்மென்ட் (நிறம்), பிக்சர் (நிறத்தை நிலைக்கவைப்பது) கிடைக்கும். நிறத்தைத் துணியோடு பிடித்துவைக்கும் பைண்டர் கலந்த கிளியராகக் கேளுங்கள். அரைக் கிலோ எடுத்தால் மீதமே இருக்கும்.

கிளியர் பேஸ்ட் 250 கிராம். அதில் பிக்சர் 5 கிராம், யூரியா 5 கிராம். யூரியா மையைச் சீக்கிரம் காயவிடாது. பிக்சர் கலந்த மையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இதில் 60 கிராம் எடுத்துக் கறுப்புப் பிக்மென்ட் 5 கிராம் கலந்தால் அது முதல் டம்ளர், நல்ல கறுப்பு. அதில் பாதியை இரண்டாவது டம்ளருக்கு மாற்றி, அதே எடைக்குக் கிளியர் சேருங்கள். இரண்டாவதில் பாதி மூன்றாவதுக்கு, மறுபடி அதே எடைக்குக் கிளியர். இப்படியே ஐந்து. ஒவ்வொன்றும் முந்தியதில் சரிபாதிக் கறுப்பு. கண் மதிப்பில் கலந்தால் நடுவில் இரண்டு படி ஒன்றுபோல் ஆகிவிடும். சமையலறைத் தராசு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கும் இதே கணக்கில், 20 கிராமில் தொடங்கி ஐந்து சிறு கிண்ணம்.

தண்ணீருக்கு நீலம் வேண்டாம். தண்ணீர் என்றால் நீலம்தானே என்று கண் கடந்துவிடும். சிவப்பு போட்டால் ரத்தமாகப் படிக்கும், பேச்சு வேறு எங்கோ போகும். மெஜந்தா பொருத்தம்; இயற்கைத் தண்ணீரில் வராத நிறம், பார்த்ததும் சாயம் என்று தெரியும்.

கறுப்பு போதவில்லை என்று பிக்மென்டை அள்ளிப் போடாதீர்கள். கலந்த மை 100 கிராமில் பிக்மென்ட் 8 கிராமைத் தாண்டினால் பைண்டரால் பிடித்துவைக்க முடியாமல் கையில் ஒட்டும்.

அச்சிடுதல்

மேசையில் ஜமக்காளம் ஒன்றை மடித்துப் போட்டு, அதன் மேல் போர்வை, அதன் மேல் ஒரு பழைய காடாவை இழுத்துக் கட்டுங்கள். பவானி ஜமக்காளத்தின் மேலேயே நேராக அச்சிட்டால் அதன் வரிவரியான நெசவு அப்படியே கறுப்பில் தெரியும், அதற்குத்தான் போர்வை. படத்துணியைக் குண்டூசியால் நான்கு பக்கமும் குத்தி, ஐந்து கட்டங்களின் மூலைகளைத் தையல் சாக்பீஸால் குறியுங்கள். கட்டத்துக்கு 15 செ.மீ., இடைவெளி 4 செ.மீ., இரண்டு ஓரத்திலும் 9.5 செ.மீ. மிஞ்சும்.

வெளிறிய மையிலிருந்து தொடங்குங்கள். அதாவது ஐந்தாவது லேபிள் முதலில், முதலாவது கடைசியில். இப்படிப் போனால் நடுவில் கட்டையையோ ரோலரையோ கழுவ வேண்டியதில்லை. ஈர அச்சின் மேல் முழங்கை படாமலிருக்க மேசையின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கட்டையின் முதுகில் தலைப்பக்கம் எது என்று அம்பு போட்டுவைக்க மறக்காதீர்கள். தண்ணீர்க் கட்டைக்கு வரிசை தலைகீழ்: முதல் லேபிளிலிருந்து ஐந்தாவதுக்கு.

பெயிண்ட் கடையில் கிடைக்கும் நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் போதும். ரப்பர் ரோலர் இந்தப் பேஸ்டில் உருளாமல் வழுக்கும். தட்டில் மையை மெல்லிசாகப் பரப்பி, ரோலரை நனைத்து, கட்டையில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு மெல்லிய பூச்சு. ஒரே கனமான பூச்சு போட்டால் எழுத்து அடைத்துக்கொள்ளும். கட்டையை மூலைக்குறியில் இறக்கியதும் நகர்த்தாதீர்கள். ரப்பர் சுத்தியால் நடுவில் தொடங்கி நான்கு மூலைக்கும் தட்டுங்கள். தரையில் விரித்துச் செய்தால் பலகை மேல் ஏறி நின்றே விடலாம். பெரிய கறுப்புக்கு அதுதான் சீரான அழுத்தம் தரும். தூக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து உரித்தெடுப்பது போலத் தூக்குங்கள்.

கறுப்பு முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர்க் கட்டை.

கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள் வந்தால் மை குறைவு அல்லது மெத்தை போதவில்லை. எழுத்தின் ஓரத்தில் நிழல் விழுந்தால் கட்டை இறங்கும்போது நகர்ந்திருக்கிறது. மை நூல் வழியே ஊறிப் பரவினால் பேஸ்ட் நீர்த்திருக்கிறது; தண்ணீர் விட்டு இளக்கியிருப்பீர்கள், அதைச் செய்யக் கூடாது. சித்திரை, வைகாசி மதியத்தில் மை கட்டையிலேயே காய்ந்து கோடுகளை அடைக்கும், காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஜன்னலைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் மை மேல் ஆடை கட்டும், பஞ்சுத் தூசியும் வந்து ஒட்டும். முதல் கறுப்பில் லேசான திட்டு இருந்தால் மறுபடி அடிக்க முயல வேண்டாம். இரண்டாவது அடி ஒருபோதும் அதே இடத்தில் உட்காராது.

சூடு, கழிவு

ஒரு நாள் நிழலில் காயட்டும். தெரிந்த பிரிண்டிங் யூனிட் இருந்தால் கியூரிங் மெஷினில் 150 டிகிரியில் நான்கு நிமிடம் விட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் நீராவி இல்லாமல், காட்டன் சூட்டில், மெல்லிய துணியை மேலே போட்டு, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் பெட்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள். மூன்று நாள் கழித்து ஈர வெள்ளைத் துணியால் கறுப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னொரு தடவை சூடு காட்ட வேண்டும்.

கட்டையையும் ரோலரையும் குழாயடியில் கழுவாதீர்கள். நொய்யலுக்காகச் செய்த அச்சின் மை சாக்கடை வழியாக அதே நொய்யலுக்குப் போகக் கூடாது. மீந்த பேஸ்டைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் காயவையுங்கள். கட்டையையும் ரோலரையும் பனியன் வேஸ்டால் துடைத்தெடுங்கள். கிலோ கணக்கில் கிடைக்கும் அந்தக் கட்டிங் துண்டு மையை நன்றாக உறிஞ்சும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் மட்டும் அலசி, அந்த வாளியை மொட்டைமாடியில் ஆவியாக விடுங்கள். அடியில் படிவதைச் சுரண்டி, காய்ந்த பேஸ்டோடு சேர்த்துக் குப்பையில் போடலாம்.

துணியை மேல் ஓரத்தில் மட்டும் ஒரு குச்சி கோத்துத் தொங்கவிடுங்கள். சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் அடைத்தால் துணி என்பதே மறந்துபோகும். எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் உங்கள் பெயரும் கீழ் ஓரத்தின் பின்பக்கம், துணி மார்க்கரால். கட்டைகளை வெயில் படாத அலமாரியில் படுக்கவைத்து அடுக்குங்கள். லினோ வருஷக்கணக்கில் இறுகும், ஆனாலும் அச்சு தரும். மஞ்சப்பையில் ஒரே ஒரு லேபிள் போட வேண்டுமென்றால் மூன்றாவது டம்ளர்க் கறுப்போ அதைவிட அடர்ந்ததோ போடுங்கள். மூன்றாவதைவிட வெளிறியது மஞ்சளில் அழுக்குக் கறையாகத்தான் தெரியும்.